அரைச் சுற்றில் மாறும் பைக்!

பழைய ஸ்போர்ட்ஸ் பைக்குகளின் பின்பக்கத்தில் ஒளிந்திருக்கும் ஒரு சின்ன பாகம்... அதை வடிவமைப்பதில் இருக்கும் பெரிய பொறுப்பு!

‘‘டபுள்ஸ் போவீங்களா... தனியாவா?’’

சர்வீஸுக்கு விட்ட பைக்கைத் திருப்பித் தரும்போது மெக்கானிக் தவறாமல் கேட்கும் கேள்வி இது. பதிலைக் கேட்டதும், கொக்கி போல வளைந்த ஒரு ஸ்பானரை எடுப்பார். பின் ஷாக் அப்ஸார்பரில் இருக்கும் வளையத்தை ஒன்றிரண்டு படி திருப்புவார். ‘‘ஷாக்கை டைட் வெச்சிருக்கேன் சார்’’ என்பார். மனைவி, குழந்தை, காய்கறிப் பை என்று மொத்தக் குடும்பத்தையும் சுமக்கும் நம்மூர் பைக்குகளுக்கு இந்த வைத்தியமே போதும்.

ஆனால், மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்துக்காக உருவாக்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு இது போதாது. அதிலும் அந்த பைக்குக்கு 30, 40 வயதாகிவிட்டால் கேட்கவே வேண்டாம். கம்பெனி உதிரி பாகங்களை நிறுத்தியிருக்கும். அந்தக் கால அளவில் டயர் கிடைக்காது. ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். அன்று அந்த பைக்கை ஓட்டிய இளைஞரும் இன்று 15 கிலோ கூடியிருப்பார்! எதை மாற்றினாலும் பைக் நிற்கும் உயரம் மாறும். உயரம் மாறினால், அது திரும்பும் விதமே மாறும்.

இதைச் சரிசெய்யத்தான் உலகம் முழுக்கப் பல சின்னப் பட்டறைகள், நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பின் சஸ்பென்ஷன் பாகங்களைத் தயாரிக்கின்றன. கையளவு அலுமினியத் துண்டுதான். ஆனால், அதை வரைகிற பேனாவின் முனையில் ஓட்டுபவரின் உயிர் இருக்கிறது.

டைட் வைத்தால் ஸ்பிரிங் கெட்டியாகுமா?

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைத் தீர்த்துவிடலாம். ஷாக் அப்ஸார்பரின் வளையத்தைத் திருப்பினால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், ஒரே சீராகச் சுற்றப்பட்ட ஸ்பிரிங்கின் பலம் அதன் கம்பியின் தடிமன், சுற்றுகளின் எண்ணிக்கை, சுற்றின் விட்டம் ஆகியவற்றைப் பொறுத்தது. வளையத்தைத் திருப்புவதால் இவற்றில் எதுவும் மாறுவதில்லை.

அப்படியென்றால் என்னதான் நடக்கிறது? ஸ்பிரிங் முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கப்படுகிறது. அதனால், ஆள் ஏறி உட்காரும்போது பைக் முன்பைவிடக் குறைவாக இறங்குகிறது. பின்பக்கம் சற்று உயரமாக நிற்கிறது, அவ்வளவுதான்.

‘உயரம்தானே வேண்டும்... வளையத்தையே நன்றாகத் திருப்பிவிட்டால் போச்சு’ என்று தோன்றலாம். அங்கேதான் சிக்கல். சக்கரம் மேடு ஏறும்போது மேலே போக இடம் வேண்டும். பள்ளம் வந்தால் கீழே இறங்கவும் இடம் வேண்டும். ஆள் உட்கார்ந்த பிறகு பைக் கொஞ்சம் இறங்கி நிற்பது, இந்தக் கீழிறக்கத்துக்கான சேமிப்பு. மெக்கானிக்குகள் இதை ‘சேக்’ என்பார்கள். வளையத்தை அளவுக்கு மீறித் திருப்பினால் இந்தச் சேமிப்பு காலியாகிவிடும். சின்னப் பள்ளம் வந்தாலும் சக்கரம் அதைத் தொடர்ந்து இறங்க முடியாமல், டயர் ஒரு கணம் தரையை விட்டுவிடும். நேர் ரோட்டில் அது வெறும் அதிர்வு. வளைவில், பைக் சாய்ந்திருக்கும்போது நடந்தால் வழுக்கல்.

ஆக, ‘உயரம்’ வேறு, ‘ஸ்பிரிங் அமுக்கம்’ வேறு. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கெடாமல் இருக்க வேண்டும். சஸ்பென்ஷன் பாகங்களை வடிவமைப்பவர்கள் தேடுவது இந்தச் சுதந்திரத்தைத்தான்.

இரண்டு ஷாக், ஒன்றான கதை

ஒரு காலத்தில் பெரும்பாலான பைக்குகளில் பின் சக்கரத்துக்கு இருபுறமும் இரண்டு ஷாக் அப்ஸார்பர்கள் இருந்தன. நம்மூரில் 1980-களில் இளைஞர்களைக் கிறங்கடித்த ராஜ்தூத் 350 பைக்கிலும் இதே அமைப்புதான்.

மாற்றம் மண் பாதையிலிருந்து வந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த பொறியாளர் லூசியன் டில்கென்ஸ் ஒற்றை ஷாக் அமைப்பு ஒன்றை உருவாக்கினார். அதை யமஹா எடுத்துக்கொண்டது. 1973-ல் ஸ்வீடன் வீரர் ஹாகன் ஆண்டர்சன், அந்த அமைப்புள்ள யமஹாவில் 250 சிசி மோட்டோகிராஸ் உலக சாம்பியன் ஆனார். மேடு பள்ளத்தில் தாவித் தாவி ஓடும் அந்தப் பந்தயத்தில் ஜெயித்தது மற்ற கம்பெனிகளையும் யோசிக்க வைத்தது.

1980-களின் தொடக்கத்தில் அடுத்த படி. ஷாக்கை நேரடியாக ஸ்விங் ஆர்மில் மாட்டாமல், நடுவில் ஒரு நெம்புகோலையும் இணைப்புக் கம்பிகளையும் வைத்தார்கள். கவாஸாகி இதை ‘யூனி-ட்ராக்’ என்றது. ஹோண்டா ‘ப்ரோ-லிங்க்’ என்றது. சுஸுகி ‘ஃபுல் ஃப்ளோட்டர்’ என்றது. பெயர்தான் வேறு, நோக்கம் ஒன்றே. சின்ன அதிர்வில் மென்மையாகவும், பெரிய குழியில் உறுதியாகவும் சஸ்பென்ஷன் இயங்க வேண்டும்.

இந்த அமைப்பில் நெம்புகோலை ‘ராக்கர்’ என்கிறார்கள். அதைப் பிடித்திருக்கும் இணைப்புக் கம்பிகளுக்கு ‘டாக்போன்’ என்று செல்லப் பெயர். இரண்டு முனையும் தடித்து, நடு ஒடுங்கி, நாய் கவ்வும் எலும்பு போலவே இருக்கும். இதன் நீளத்தை மாற்றினால் பைக்கின் பின்பக்க உயரம் மாறும். பெரும்பாலான ஜப்பான் பைக்குகளில் இதைக் குட்டையாக்கினால் பின்பக்கம் உயரும். நீளமாக்கினால் தாழும். ஷாக்கையோ, ஸ்பிரிங்கையோ தொடவே வேண்டாம்!

25 மி.மீ. சொன்ன பாடம்

பின்பக்கத்தின் ஒரு சின்ன அளவு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 1985-ல் வந்த சுஸுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750 நல்ல உதாரணம். அலுமினிய சேஸிஸ், எண்ணெயால் குளிரும் இன்ஜின், 100 குதிரைத்திறன், வெறும் 176 கிலோ எடை. பந்தய பைக்கை அப்படியே ரோட்டுக்குக் கொண்டுவந்தது போல இருந்த அந்த வண்டி உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது.

கூடவே ஒரு புகாரும் வந்தது. அதிவேகத்தில் பைக் பாம்பு போல நெளிகிறது என்றார்கள். அடுத்த ஆண்டு மாடலில் சுஸுகி ஸ்விங் ஆர்மை 25 மி.மீ. நீட்டியது. பைக் அடங்கியது. ஓர் அங்குலம்கூட முழுதாக இல்லை, அதற்குள் குணமே மாறிவிட்டது.

இது நீளத்தின் கதை. உயரம் இதைவிடக் கறாரானது. சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் சின்னச் சக்கரத்தைக் கவனித்திருப்பீர்கள். அது திரும்பும் அச்சுக்குப் பின்னால் தள்ளி நின்று, வண்டி போகும் திசையிலேயே இழுபட்டு வரும். அதனால்தான் நேராகப் போகிறது. பைக்கின் முன் சக்கரத்திலும் இதே தத்துவம்தான். ஹேண்டில்பார் அச்சைத் தரை வரை நீட்டிக் கோடு போட்டால், டயர் தரையைத் தொடும் இடம் அதற்குச் சற்றுப் பின்னால் இருக்கும். இந்த இடைவெளிக்கு ‘டிரெயில்’ என்று பெயர். ஸ்போர்ட்ஸ் பைக்குகளில் இது சுமார் 100 மி.மீ. இருக்கும்.

சக்கரங்களுக்கு இடையே 1,400 மி.மீ. இடைவெளி உள்ள ஒரு பைக்கின் பின்பக்கத்தை 25 மி.மீ. உயர்த்தினால், மொத்த பைக்கும் சுமார் 1 டிகிரி முன்னால் சாயும். முன் ஃபோர்க் அந்த அளவுக்குச் செங்குத்தாகும். டிரெயில் சுமார் 6 மி.மீ. குறையும். பைக் சட்டென்று திரும்பும், ஆனால் படபடப்பாகும். அளவு மீறினால் வேகத்தில் ஹேண்டில்பார் நடுங்கத் தொடங்கும்.

பின்பக்கம் தாழ்ந்தால் எதிர்மாறு. பைக் சோம்பேறியாகும். வளைவில் ஆக்ஸிலரேட்டரை முறுக்கும்போது பின்பக்கம் மேலும் அமுங்கி, முன் சக்கரம் இலேசாகி, பைக் வளைவின் வெளிப்பக்கம் ஓடும். எதிரே லாரி வரும் மலைப்பாதையில் இது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை.

டயர் மாறினால் உயரமும் மாறும்

‘கம்பெனி வைத்த உயரத்தை ஏன் தொட வேண்டும்?’ நியாயமான கேள்வி. பழைய பைக்குகளில் பலநேரம், அந்தக் கம்பெனி உயரத்தை மீட்டெடுக்கவே இந்தப் பாகம் தேவைப்படுகிறது.

அதே ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750-ஐ எடுத்துக்கொள்வோம். 1985-ல் அதன் சக்கரங்கள் 18 அங்குலம். இன்று நல்ல ஸ்போர்ட்ஸ் டயர்கள் 17 அங்குலத்தில்தான் தாராளமாகக் கிடைக்கின்றன. அதனால், பலர் சக்கரத்தையே மாற்றிவிடுகிறார்கள். பழைய 140/70-18 டயரின் ஆரம் சுமார் 327 மி.மீ. புதிய 160/60-17 டயரின் ஆரம் சுமார் 312 மி.மீ. டயர் மாற்றியதிலேயே பின்பக்கம் 15 மி.மீ. இறங்கிவிட்டது!

நம்மூரிலும் இதற்கு உதாரணம் உண்டு. 2008-ல் வந்த முதல் தலைமுறை யமஹா ஆர்15 பைக்கின் பின் டயர் 100/80-17. ‘டயர் ஒல்லியாக இருக்கிறது’ என்று அடுத்த தலைமுறையின் 130/70-17 டயரை மாட்ட நினைப்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டால் பின்பக்கம் சுமார் 11 மி.மீ. உயர்கிறது. அழகுக்காகச் செய்த மாற்றம், முன் ஃபோர்க்கின் கோணம் வரை போய்விடுகிறது.

இந்த விஷயத்தை முதலிலேயே யோசித்த கம்பெனிகளும் உண்டு. மாஸிமோ டம்புரினி உருவாக்கி, 1994-ல் சந்தைக்கு வந்த டுகாட்டி 916 பைக்கில், பின் சஸ்பென்ஷனில் நீளம் மாற்றக்கூடிய ஒரு கம்பியை வைத்தார்கள். ஸ்பிரிங்கைத் தொடாமலேயே பின்பக்க உயரத்தை மாற்றலாம். அந்த பைக்கில்தான் கார்ல் ஃபோகார்ட்டி 1994, 1995 என இரண்டு ஆண்டுகள் உலக சூப்பர்பைக் சாம்பியன் ஆனார். பந்தயக் களத்தில் ஒவ்வொரு மைதானத்துக்கும் ஏற்ப பைக்கைச் சீர்செய்ய அந்தக் கம்பி கைகொடுத்தது. இன்று பழைய ஜப்பான் பைக்குகளுக்குப் பட்டறைகள் செய்யும் பாகங்கள் பலவும் இதே தத்துவத்தில் வந்தவைதான்.

முதலில் டேப், அப்புறம்தான் லேத்!

நல்ல வடிவமைப்பாளர் உடனே அலுமினியத்தை வெட்ட உட்காருவதில்லை. அதற்கு முன் இரண்டு வேலைகள்.

முதல் வேலை, சுத்தம். பழைய பைக்கில் லிங்க் மூட்டுகளில் இருக்கும் ஊசி பேரிங்குகள் தண்ணீரும் மண்ணும் பட்டுத் துருப்பிடித்து இறுகிப்போயிருக்கும். அவற்றைக் கழற்றி, மாற்றி, புது கிரீஸ் வைத்தாலே பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும். இறுகிய மூட்டோடு அளவெடுத்தால் அளவே பொய் சொல்லும்.

இரண்டாவது வேலை, அளவு. பின் சக்கரம் காற்றில் தொங்கும்போது அச்சிலிருந்து சீட்டுக்குக் கீழே ஒரு குறி வரை உள்ள தூரம் ஓர் அளவு. பைக் தன் எடையில் தானே நிற்கும்போது இன்னோர் அளவு. ஓட்டுபவர் ஹெல்மெட், ஜாக்கெட் சகிதம் ஏறி உட்கார்ந்த பிறகு மூன்றாவது அளவு. முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வித்தியாசம்தான் முன்பு சொன்ன ‘சேக்’. 120 மி.மீ. இயக்கம் உள்ள பைக்கில் இது 30 முதல் 36 மி.மீ. வரை இருப்பது நல்லது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆள் உட்கார்ந்த அளவு சரியாக இருந்து, பைக் தனியே நிற்கும்போது கொஞ்சம்கூட இறங்கவில்லை என்றால், ஸ்பிரிங் அந்த ஆளுக்குப் போதாது, வளையத்தைத் திருப்பியே சமாளித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அவருக்குத் தேவை புது ஸ்பிரிங். டாக்போனை மாற்றினால் நோய் ஒன்று, மருந்து வேறொன்று என்று ஆகிவிடும்.

அடுத்து ஷாக்கிலிருந்து ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைக் கையால் கீழிருந்து மேல் வரை தூக்கிப் பார்ப்பார்கள். ஒவ்வொரு 10 மி.மீ.க்கும் ஷாக் எத்தனை மி.மீ. சுருங்குகிறது என்று கிராஃப் தாளில் குறித்துக்கொள்வார்கள். சக்கரம் 120 மி.மீ. நகரும்போது ஷாக் 60 மி.மீ. நகர்ந்தால், விகிதம் இரண்டு.

இந்த விகிதத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். விகிதம் இரண்டு என்றால் ஸ்பிரிங்கின் பலம் சக்கரத்தில் பாதியாகத் தெரியும் என்று நினைப்போம். இல்லை, கால்வாசியாகத்தான் தெரியும். விசையிலும் பாதி, தூரத்திலும் பாதி என்று இரண்டு முறை வகுபடுகிறது. ஒரு மி.மீ. அமுங்க 9 கிலோ கேட்கும் ஸ்பிரிங், சக்கரத்தில் 2.25 கிலோதான். லிங்க் மாற்றத்தால் விகிதம் இரண்டிலிருந்து 2.2 ஆனால், அது சுமார் 1.86 கிலோவாகக் குறையும். ஆறில் ஒரு பங்கு பலம் போய்விட்டது! உயரத்தை மட்டும் மாற்ற நினைத்தவர், தெரியாமலேயே ஸ்பிரிங்கையும் மெலிய வைத்துவிட்டார். அந்த கிராஃப் தாள் இதைத்தான் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்.

வரைபடத்தில் தொடங்கும் உயிர்ப் பாதுகாப்பு

நீளத்தை மாற்ற மூன்று வழிகள் பிரபலம்.

முதலாவது, இரு முனையிலும் மரை உள்ள கம்பி. ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை. நடுவில் பிடித்துத் திருகினால் இரண்டு முனைகளும் ஒரே நேரத்தில் வெளியே வரும், அல்லது உள்ளே போகும். 10 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. மரை இடைவெளியும் கொண்ட கம்பியில் அரைச் சுற்று திருகினால் நீளம் 1.5 மி.மீ. மாறும். பல பைக்குகளில் லிங்க்கில் 1 மி.மீ. மாறினால் சீட் உயரத்தில் 2, 3 மி.மீ. மாறும். அரைச் சுற்றின் மகிமை இதுதான்!

இரண்டாவது, பல ஓட்டைகள் உள்ள தட்டு. எளிமையானது. ஆனால், 10 மி.மீ. போல்ட்டுக்கான ஓட்டைகளை 3 மி.மீ. இடைவெளியில் ஒரே வரிசையில் போட முடியாது, ஒன்றோடொன்று கலந்துவிடும். அதனால், பக்கவாட்டில் தள்ளித் தள்ளி ஏணிப்படி போல அமைக்க வேண்டும். அப்போது தட்டு அகலமாகும். அகலமானால் பக்கத்துப் பாகத்தில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, மையம் விலகிய புஷ். போல்ட் ஓட்டை நட்டநடுவில் இல்லாமல் 2 மி.மீ. தள்ளி இருக்கும். புஷ்ஷைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் நீளம் 4 மி.மீ. மாறும். இடைப்பட்ட அளவுகள் அதிகம் கிடைக்காது, ஆனால் தானாகக் கழன்று நீளம் மாறிவிடும் பயமும் குறைவு.

திருகும் கம்பிகளின் முனையில் உருண்டை மூட்டு வைப்பது வழக்கம். பந்தயத்துக்கு அது நன்று. ரோட்டில் ஓடும் பைக்கில், மூடி இல்லாத அந்த மூட்டில் மண்ணும் மழைநீரும் புகுந்து சீக்கிரமே ஆட்டம் கொடுக்கும். தினசரி ஓட்டுபவருக்கு, ரப்பர் சீல் உள்ள பழைய ஊசி பேரிங்கே மேல்.

உலோகத்தைத் தேர்வு செய்வது அடுத்த கட்டம். 6061-டி6 என்ற அலுமினியக் கலவை, சாதாரண இரும்பின் பலத்தை ஏறக்குறைய தொட்டுவிடும், எடையோ மூன்றில் ஒரு பங்கு. 7075-டி6 அதைவிட ஏறக்குறைய இரு மடங்கு பலம். ஆனால், அதை வழக்கமான முறையில் வெல்டிங் செய்ய முடியாது. அரிப்பும் சீக்கிரம் பிடிக்கும் என்பதால் மேற்பூச்சு அவசியம்.

பலம் போதுமா என்று கணக்குப் போட்டால் ஆச்சர்யமாக இருக்கும். பின் சக்கரத்தின் மேல் 140 கிலோ எடை, விகிதம் இரண்டு என்றால் ஷாக்கின் மேல் 280 கிலோ. பெரிய குழியில் விழும்போது அது மூன்று மடங்காகி 840 கிலோ. லிங்க்கிலும் ஏறக்குறைய அதே விசை வருவதாக வைத்துக்கொண்டாலும், இரண்டு கம்பிகள் பகிர்ந்தால் ஆளுக்கு 420 கிலோ. நல்ல கம்பிக்கு இது தூசு!

அப்புறம் ஏன் உடைகிறது? ஒரே அடியில் உடைவதில்லை, களைத்து உடைகிறது. ஒரு கிலோமீட்டருக்கு 100 முறை சக்கரம் ஏறி இறங்கினால், 10,000 கிலோமீட்டரில் 10 லட்சம் முறை இந்தச் சுமை வந்து போகும். ‘இந்த அளவுக்குக் கீழே சுமை இருந்தால் எத்தனை கோடி முறை வந்தாலும் தாங்கும்’ என்ற எல்லை இரும்புக்கு உண்டு. அலுமினியத்துக்கு அப்படி ஒரு எல்லை கிடையாது. மரையின் அடியில், கூர்மையான மூலையில், ஸ்பானர் கீறிய கோட்டில் மயிரிழை போல ஒரு விரிசல் தொடங்கும். ஒருநாள் முறியும். அதனால்தான் நல்ல பாகத்தில் மூலைகள் எல்லாம் வளைவாக இருக்கும். தேவைக்கு மேல் ஒரு கீறல்கூட இருக்காது.

‘இதற்கு மேல் போகாதே!’

திருகும் கம்பியில் இருக்கும் மிகப் பெரிய ஆபத்து, திருகுபவரின் ஆசை. ‘இன்னும் கொஞ்சம் உயர்த்தலாமே’ என்று கழற்றிக்கொண்டே போனால், உள்ளே பிடித்திருக்கும் மரை குறைந்துகொண்டே வரும். அலுமினியத்தில் 10 மி.மீ. கம்பி குறைந்தது 15 மி.மீ. ஆழமாவது உள்ளே இருக்க வேண்டும், 20 இருந்தால் நிம்மதி. வெளியிலிருந்து பார்த்தால் இது தெரியாது.

அதற்காக அந்த ஆழத்தில் பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை போடுவார்கள். அதில் ஓர் ஊசியை விட்டுப் பார்த்தால், மரை தடுக்க வேண்டும். ஊசி தடையில்லாமல் உள்ளே போனால் கம்பி ஆபத்தான அளவுக்கு வெளியே வந்துவிட்டது. இதைவிட நல்ல பட்டறைகள், அந்த எல்லைக்கு மேல் திருகவே முடியாதபடி தடுப்பு வைத்துவிடும். எவ்வளவு தூரம் மாற்றலாம் என்பதை எல்லோரும் விளம்பரம் செய்வார்கள். எங்கே நிறுத்தினார்கள் என்பதைப் பார்த்தால்தான் வடிவமைத்தவரின் அக்கறை தெரியும்.

அந்த எல்லையை முடிவுசெய்வது பைக்கின் மற்ற பாகங்கள். பின்பக்கம் அதிகம் தாழ்ந்தால், சக்கரம் முழுதாக மேலே ஏறும்போது டயர் சீட்டுக்கு அடியில் மோதும். பெரிய குழியில் பின் சக்கரம் பிரேக் போட்டது போல நின்றுவிடும். அதிகம் உயர்ந்தால் செயின், ஸ்விங் ஆர்மின் மேல் உரசிக்கொண்டே ஓடும். ஸ்பிரிங் இல்லாமல் சக்கரத்தை மேலும் கீழும் தூக்கிப் பார்க்கும் சோதனையில் இவை எல்லாம் வெளிப்பட்டுவிடும்.

சைடு ஸ்டாண்டையும் மறக்கக் கூடாது. உயர்த்திய பைக் ஸ்டாண்டில் அதிகமாகச் சாயும். தாழ்த்திய பைக் நேராக நின்று, லேசான காற்றுக்கே மறுபக்கம் விழும். குள்ளமானவர்களுக்குக் கால் எட்டட்டும் என்று பின்பக்கத்தை மட்டும் தாழ்த்தும்போது இந்தச் சங்கடம் அடிக்கடி வரும். அப்போது முன் ஃபோர்க்கையும் அதற்கேற்பக் கீழே இறக்கினால்தான் பைக்கின் சாய்வு பழையபடி இருக்கும்.

மாட்டும் முன் கவனிக்க...

• பழைய பாகத்தின் நீளத்தை, ஓட்டையின் மையத்திலிருந்து மையம் வரை வெர்னியரில் அளந்து எழுதி வையுங்கள். திரும்பிப் போக வழி இருக்க வேண்டும்.

• இரண்டு டாக்போன்கள் இருந்தால் இரண்டும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். சற்று வித்தியாசம் இருந்தாலும் ராக்கர் முறுக்கப்பட்டு பேரிங் ஒரு பக்கமாகத் தேயும்.

• ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும். உயரம், ஸ்பிரிங், டயர் காற்று மூன்றையும் ஒன்றாக மாற்றினால், எது நல்லது செய்தது, எது கெடுத்தது என்று தெரியாது.

• லாக் நட்டை இறுக்கிய பிறகு, நட்டிலும் கம்பியிலும் சேர்த்து பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். கோடு விலகினால் நட் தளர்கிறது என்று உடனே தெரியும்.

• முதல் 100 கிலோமீட்டருக்குப் பிறகு போல்ட்டுகளை, கம்பெனி சொன்ன இறுக்கத்தில் டார்க் ரென்ச் வைத்து மறுபடி சரிபாருங்கள்.

• செயின் தளர்வை மறக்காமல் பாருங்கள். உயரம் மாறினால் அதுவும் மாறும்.

• உருண்டை மூட்டில் ஆட்டம் தெரிந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

இன்னொரு விஷயம். நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றுவதற்குத் தடை விதிக்கிறது. எனவே, ரோட்டில் ஓடும் பைக்கில் கை வைக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது புத்திசாலித்தனம். மாற்றியதைச் சோதித்துப் பார்க்கவும் பொதுச் சாலை சரியான இடம் இல்லை. சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை, கோவை அருகே செட்டிப்பாளையம் என்று தமிழ்நாட்டிலேயே பந்தய மைதானங்கள் இருக்கின்றன. எதிரே வண்டி வராத, தடுமாறினாலும் ஒதுங்க இடம் உள்ள பாதைகள் அவை.

பழைய பைக்கைக் காப்பாற்றுவது என்றால் பெரும்பாலும் இன்ஜின், பெயின்ட், சைலன்ஸர் சத்தம் என்றுதான் பேச்சு போகும். நாற்பது வயது பைக் இன்றைய டயரில், இன்றைய ஆளைச் சுமந்துகொண்டு, வளைவில் நம்பிக்கையாகச் சாய வேண்டுமானால் வேலை சீட்டுக்குக் கீழேதான் தொடங்குகிறது. அதற்கு முதலில் வேண்டியது விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை. ஒரு டேப், ஒரு நோட்டு, பைக்கைப் பிடித்துக்கொள்ள இரண்டு நண்பர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. அளந்து முடித்த பிறகு, ‘அட, நம்ம பைக்குக்கு புது பாகமே தேவையில்லை, பேரிங்கைச் சுத்தம் செய்தாலே போதும்’ என்று தெரியவந்தால் இன்னும் நல்லது. அந்தப் பணத்தில் ஒரு நல்ல ஹெல்மெட் வாங்கலாம்!